கைதட்டலுக்கு நடுவே திரும்பி வந்தேன்

சிதம்பரத்தில் எங்கள் கல்லூரி அரங்கம். மத்தியான வெயிலில் கூரை காய்ந்து, உள்ளே வியர்வையும் மல்லிகைப் பூவும் புது பெயின்ட்டும் கலந்த ஒரு வாடை. மைக்கைப் பிடித்தபடி நான் நிற்கிறேன். எதிரே அரங்கம் முழுக்கக் கை தட்டுகிறது. பின்வரிசைப் பையன்கள் விசில் அடிக்கிறார்கள். நடுவராக வந்திருந்தவர் தலையை ஆட்டி ஆட்டி ரசிக்கிறார்.

எதற்காக என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், துளிகூடத் தெரியவில்லை. "பெண்கள் படித்தால்" என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தது நினைவிருக்கிறது. அடுத்து நான் கண்டது இந்தக் கைதட்டல். இரண்டுக்கும் நடுவில் இருந்த சில நொடிகளை யாரோ கத்தரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

பக்கத்து நாற்காலியிலிருந்து என் தோழி பானு வாயை அசைக்காமல் சொன்னாள். "படித்தால், டி. ‘பெண்கள் படித்தால்’னு நிறுத்துன."

"படித்தால்…" என்று மறுபடி ஆரம்பித்தேன். அரங்கம் இன்னொரு முறை தட்டியது.

நம் ஊர் மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சாளர் வாக்கியத்தை உச்சிக்குக் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்தி, கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார். கூட்டம் புரிந்துகொண்டு தட்டும். எழுதிக்கொள்ளாத உடன்படிக்கை அது. நான் வேறு காரணத்துக்காக நின்றுபோகிறேன் என்று பாவம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? எதையும் பார்க்காமல் வெறித்துக்கொண்டிருந்த என் கண்களைப் பார்த்து, "என்ன கம்பீரம்!" என்றார்கள்.

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்துவிட்டுப் போனில் கூப்பிட்ட ஒரு வாசகி, "பேச்சுக்கு நடுவுல இடைவெளி விடுற கலைய யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். யாரிடமும் இல்லை, தாயே. அது ஒரு வியாதி. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

எடைக்கல்

எங்கள் வீடு கடலூர் செம்மண்டலத்தில். அப்பா மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அம்மா வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு, தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். நான் ஒரே பிள்ளை. வாய் மட்டும் நாலு பிள்ளைக்கு உண்டானது என்று அம்மா சொல்வாள்.

சுனாமி வந்துபோன பிறகு ஊரே கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கும்போது நான் நடுவில் நின்றுபோக ஆரம்பித்தேன். வாசித்துக்கொண்டே இருப்பேன், திடீரென்று டீச்சர் என் தோளை உலுக்கிக்கொண்டிருப்பார். வகுப்பே சிரிக்கும். "இவ கனவு காணறா" என்று வீட்டுக்குத் தகவல் போனது.

"யாரு நெனப்புடி?" என்றாள் அம்மா, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே. அந்த வயசில் எனக்கு யார் நினைப்பும் இல்லை. இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் லாபம் என்று பிற்பாடு தோன்றியதுண்டு.

ஒரு நாள் மார்க்கெட்டில் அம்மாவோடு கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு காயைத் தூக்கிப் புழு இருக்கிறதா என்று பார்த்தது வரைக்கும் தெரியும். அடுத்த கணம் என்னைச் சுற்றி ஒரு கூட்டம். என் வலது கையில் கத்தரிக்காய்க்குப் பதில் ஓர் இரும்பு எடைக்கல். இடது கையில் யாருடையதோ சைக்கிள் சாவி.

"என்னங்க ஆச்சு இங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"வந்துட்டா, வந்துட்டா! இரும்ப உட்ராதம்மா, கெட்டியா புடி!" என்றாள் காய்கறிக்கடை அம்மா. "காக்கா வலிப்புங்க இது. எங்க சின்னமாமனாருக்கு இருந்துச்சு."

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பது நம் மக்களின் கைவைத்தியம். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் நான் விழவும் இல்லை, துடிக்கவும் இல்லை. கண் திறந்தபடி நின்றிருந்தேன், கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை, இமை மட்டும் லேசாக அடித்துக்கொண்டதாம். அவர்கள் இரும்பைத் தேடி எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எடைக்கல்லுக்குத்தான் நல்ல பெயர்.

அம்மா என் கையிலிருந்ததை வாங்கித் தராசுத் தட்டில் வைத்தாள். காய் வாங்காமலே என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக் கதவைச் சாத்தின பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"வெளிய யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. யாராச்சும் கேட்டா பித்த மயக்கம்னு சொல்லு. நாளைக்கு உன்ன ஒருத்தன் கைல புடிச்சுக் குடுக்க வேணாமா?"

அதற்கப்புறம் அம்மா அந்த மார்க்கெட் பக்கமே போகவில்லை. வலிப்பு என்ற அந்த வார்த்தையையும் வீட்டுக்குள் சொல்ல விடவில்லை.

யானை

பாண்டிச்சேரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் அம்மா அழைத்துப் போனாள். பொறுமையான மனுஷர். ஒரு பேப்பர் துண்டை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "இது ஆடிக்கிட்டே இருக்கணும், விடாம ஊதும்மா" என்றார். ஊதினேன். ஊதி ஊதித் தலை கிறுகிறுத்தது.

"நான் இப்ப ஒரு வார்த்த சொன்னேன். என்னா வார்த்த?" என்றார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலியே சார்."

"யானைன்னு சொன்னேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. "சத்தமாத்தான் சொன்னாரு, ரூபி."

ஒரு யானையே என் பக்கத்தில் நடந்து போயிருக்கிறது, நான் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. இதுபோல இன்னும் என்னென்ன என்னைக் கடந்து போயிருக்கும் என்று யோசித்து அழுதேன்.

டாக்டர் பயப்படச் சொல்லவில்லை. இதுவும் வலிப்பில் ஒரு வகைதான், லேசான வகை என்றார். கரண்டு சில நொடி போய் வருகிற மாதிரி, வீடு இடிந்துபோவதில்லை என்றார். மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், தூக்கம் கெடக் கூடாது, தனியாக ஆற்றில் குளத்தில் இறங்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. மூச்சு வாங்க வாங்க எதையாவது செய்தால் வரும், அதில் கவனம் வேண்டும்.

"பேசலாங்களா டாக்டர்?" என்றாள் அம்மா.

"தாராளமா பேசலாம்."

"அதத்தான் நிறுத்தச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்று அம்மா பெருமூச்சு விட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். அன்று அந்த அறையில் அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள்.

மாத்திரைகள் தையல் மிஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் ஒளிந்துகொண்டன. தினமும் வந்துகொண்டிருந்தது எப்போதாவது வருவதாக ஆனது. முழுசாகப் போகவில்லை.

ஒரு ஞாயிறு, சர்ச் ஆராதனையில் வேத பாடம் வாசிக்கிற முறை என்னுடையது. பாதி வசனத்தில் நின்றுபோனேன். திரும்பி வந்தபோது முன்வரிசைத் தாத்தா ஒருவர் உருக்கமாக "ஆமென்" என்றார். சபை முழுவதும் "ஆமென்" என்றது. வாசலில் போதகர் ஐயர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு தியானத்தோட வாசிக்கிற பிள்ள!" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினாள்.

பாதிக் கதை

நான் சிதம்பரத்தில் கல்லூரி சேர்ந்த காலத்தில் ரயில் பாதையைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். அகலமாக்குகிறார்களாம். அதனால் போக வர பஸ்தான். பரங்கிப்பேட்டை ரோடு பிரிகிற இடத்தில் தினமும் ஒரு பெண் ஏறி, இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்காருவாள். அவள்தான் பானு. அவளுடைய வாப்பா பரங்கிப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார்.

ஒரு நாள் எங்கள் துறையில் நடந்த ஒரு வம்பை அவளிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் போய்விட்டேன். மற்றவர்களாக இருந்தால் உலுக்குவார்கள், இல்லை கோபித்துக்கொண்டேன் என்று நினைத்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார்கள். திரும்பி வந்தபோது பானு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"‘அந்த சார் உள்ள வந்தாரு பாரு’ன்னு சொன்ன. அதுக்கப்புறம்?"

அவ்வளவுதான் கேட்டாள். அதற்கப்புறமும் அப்படித்தான். நான் விட்ட வார்த்தையைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்து, வந்ததும் கொடுப்பாள். ஒரு மாதம் கழித்து நானே கேட்டேன், இது என்ன என்று ஏன் கேட்கவே இல்லை என்று.

"எனக்கு என்னத்துக்கு டி அது? பாதிக் கதையில நீ விட்டுட்டா எனக்கு சோறு எறங்காது. எனக்குக் கததான் முக்கியம்."

இப்படி ஒரு சுயநலக்காரியை அல்லா எனக்கு அனுப்பி வைத்தார். அம்மா போட்ட பூட்டை நான் முதலில் திறந்தது அவளிடம்தான்.

கல்லூரிப் பட்டிமன்றங்களில் நாங்கள் ஒரே அணி. பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரே மூச்சில் அடுக்கிப் பேசினால் எனக்கு வந்துவிடும் என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். டாக்டர் பேப்பரை ஊதச் சொன்னாரே, அதே சங்கதி. "கமா போட்டுப் பேசு டி, கமா போட்டு" என்பாள். கமா போட்டுப் பேசினால் கூட்டத்துக்குத் தூக்கம் வரும் என்பேன் நான். வேகம் எடுத்தால் சில சமயம் போவேன். கூட்டம் தட்டும். பானு வார்த்தையைக் கொடுப்பாள். மூன்றாம் வருஷத்தில் எனக்கு "இடைவெளி ரூபி" என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. ஜூனியர் பிள்ளைகள் என்னைப் பார்த்து, வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி முறைத்துப் பழகினார்கள்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் விடுதியில் தங்கியிருந்த தோழிகள் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒன்று குடைந்தது. அவர்கள் தட்டுவது நான் இல்லாதபோது. நான் இருக்கும்போது பேசுவதற்குத் தட்டுவார்களா?

தோசைத் திருப்பி

அந்த வருஷம் சிதம்பரத்து வணிகர்கள் சேர்ந்து நடத்தும் ஆண்டு விழாவில் ஒரு பட்டிமன்றம். மேல வீதிப் பக்கம் கல்யாண மண்டபம். நடுவர் ஊர் ஊராகப் பட்டிமன்றம் நடத்துகிறவர், கோயில் திருவிழா, பொங்கல் விழா என்று அவர் கால் படாத ஊர் கிடையாது. உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று என்னையும் பானுவையும் அழைத்திருந்தார்கள். நன்றாகப் பேசுகிற பிள்ளையைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்வதாக நடுவர் சொல்லியிருந்தார்.

நான் சோறு தண்ணி மறந்தேன். பேசுவது எனக்குப் பிழைப்பாக ஆகுமா, அல்லது கல்லூரிப் படிப்போடு சேர்த்து அதையும் மூட்டை கட்ட வேண்டியதுதானா என்பது அந்த ஒரு மேடையில் தெரிந்துவிடும்.

அதற்கு முந்தின வாரம் பார்த்து, கேன்டீனில் டீ கிளாஸோடு நின்றுபோனேன். டீ முழுக்க என் சுடிதாரில். கேன்டீன் அண்ணன் நல்லவர். ஓடி வந்து என் கையில் இரும்புத் தோசைத் திருப்பியைத் திணித்துவிட்டு, "வலிப்பு! வலிப்பு! கூட்டம் போடாதீங்க, காத்து வரட்டும்!" என்று கத்திக் கூட்டத்தைக் கூட்டினார். நான் திரும்பி வந்தபோது எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு தோசைத் திருப்பியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

சாயங்காலத்துக்குள் கல்லூரி முழுக்கப் பரவியது. அடுத்த நாள் விழாச் செயலாளர் காதுக்கும் போய்விட்டது. செல்போன் கடை வைத்திருந்தவர். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, குளிர்பானம் எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தயங்கினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. மேடையில ஒண்ணு ஆயிட்டா யாரு பொறுப்பு? நீ முன்னால உக்காந்து பாரேன், வேற யாராச்சும் பேசட்டும்."

"நான் விழ மாட்டேன் சார். சில நொடி பேச மாட்டேன், அவ்வளவுதான். அதுக்கு நீங்க சந்தோஷந்தான் படணும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "சரி, பேசு. ஆனா வூட்டுலேருந்து பெரியவங்க யாராச்சும் வந்து முன்வரிசையில உக்காரணும். அப்பதான் மேடையேத்துவேன்."

அப்பா மஸ்கட்டில். மிச்சம் அம்மாதான். அம்மா என் எந்த மேடைக்கும் வந்ததே இல்லை. நான் நின்றுபோவதைக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து பார்க்க அவளுக்கு முடியாது. வெளியில் ஒருத்தருக்கும் தெரியாது என்று வேறு அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் நிபந்தனை

சனிக்கிழமைதான் தைரியம் வந்து அம்மாவிடம் சொன்னேன். மிஷின் நின்றது.

"ஊருக்கே தெரிஞ்சு போச்சா?"

"சிதம்பரத்துக்குத் தெரியும்மா. கடலூருக்கு இன்னும் வரல."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல." அம்மா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். அடுப்பில் நெத்திலிக் குழம்பு கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. அதைப் போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"வரேன். உங்கப்பா இருந்தா அனுப்பத்தான் சொல்லுவாரு. ஆனா ஒண்ணு. அத்தினி பேரு முன்னால உனக்கு வந்துச்சுன்னு வையி, அப்பிடியே மைக்க வச்சிட்டு எறங்கிடணும். அதோட மேடைக்கு முழுக்கு. எம்மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். அன்றைக்கு அது வராமலேகூட இருக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

எதிரணியில் பானு

தலைப்பு: செல்போன் உறவுகளைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா? செயலாளர் செல்போன் கடைக்காரர் என்பதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. நானும் பானுவும் "சேர்க்கிறது" அணி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபத்தில் போய் நின்றால், எதிரணியில் பேச வேண்டியவருக்குச் சிக்குன்குனியா. கையும் காலும் மடக்க முடியாமல் விருத்தாசலத்தில் படுத்திருக்கிறாராம். நடுவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நீ அந்தப் பக்கம் போம்மா" என்று பானுவைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டார். எந்தப் பக்கமும் பேசத் தெரிந்தவள்தானே பட்டிமன்றப் பேச்சாளர்!

பானு என்னைப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது மேடையே இருந்தது. "கமா போட்டுப் பேசு" என்று மட்டும் உதட்டை அசைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

மண்டபம் நிறைந்துவிட்டது. விருந்துச் சாப்பாட்டின் கத்தரிக்காய் கொத்சு வாசனை இன்னும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் அம்மா, ஊதாப் பட்டுப்புடவையில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு. பக்கத்தில் செயலாளர், எந்த நிமிஷமும் எழுந்து ஓடத் தயாராக, நாற்காலியின் நுனியில்.

பானு எனக்கு முன்னால் பேசினாள். துரோகி, அன்றைக்குப் பார்த்துப் பிரமாதமாகப் பேசினாள். ஒரே வீட்டில் மாடியில் இருக்கிற மகனைச் சாப்பிடக் கூப்பிட அம்மா கீழேயிருந்து மிஸ்டு கால் கொடுக்கிறாள் என்றாள். மண்டபம் குலுங்கியது. எங்கள் அணி சரிந்துகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

என் முறை. எழுதி வைத்திருந்ததெல்லாம் அவள் பேச்சுக்கு முன்னால் சப்பென்று இருந்தது. அதை விட்டேன். மனசில் வந்ததைப் பேசினேன்.

"மஸ்கட்டுல ஒரு மனுசன் இருக்காருங்க. ஏசி மெக்கானிக். ஊரையே குளுர வைக்கிறவரு. அவரு தங்கியிருக்கிற ரூமுல வெறும் ஃபேன்தான்."

சிரித்தார்கள். எனக்கு வேகம் வந்துவிட்டது. கமாவெல்லாம் காற்றில் போனது.

"முன்னல்லாம் பேசணும்னா பூத்து வாசல்ல நிக்கணும். இப்ப அவரு கையில ஒரு செல்லு, வூட்டுல ஒரு செல்லு. வெள்ளிக்கெழம லீவு. போன் போடுவாரு. பொண்டாட்டி எடுத்த உடனே அவரு மொதல்ல கேக்குறது என்னா தெரியுமா…"

திரும்பி வந்தேன். மண்டபம் கை தட்டிக்கொண்டிருந்தது.

எதிரணி மேசையில் பானு பாதி எழுந்து நின்றாள். அவள் உதடு அசைந்தது, கைதட்டலில் ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசையில் அம்மா தட்டவில்லை. கைப்பை கீழே கிடந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மைக்கை வைத்துவிட்டு இறங்க வேண்டும். சத்தியம் செய்திருக்கிறேன். அல்லது வழக்கம்போல ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். எனக்கு அந்தக் கைதட்டலின் மேல்தான் ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷம் தட்டியதற்கெல்லாம் சேர்த்து வந்தது.

"தட்டாதீங்க" என்றேன்.

சட்டென்று அடங்கியது.

"நான் கைதட்டலுக்காக நிறுத்தல. எனக்கு வலிப்பு இருக்கு. லேசான வகை. விழ மாட்டேன், கண்ணு தொறந்துதான் இருக்கும், ஆனா ஆளு இருக்க மாட்டேன். இப்ப கொஞ்ச நேரம் நான் இங்க இல்ல. நீங்கதான் இருந்தீங்க. எங்க விட்டேன்னு சொல்லுங்க. அங்கேருந்து பேசறேன்."

செயலாளர் எழுந்துவிட்டார். நடுவர் மணியைப் பிடித்திருந்த கையாலேயே அவரை உட்காரச் சொன்னார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "‘மொதல்ல கேக்குறது என்னா தெரியுமா’ன்னு கேட்டம்மா!"

"மஸ்கட்டு! மஸ்கட்டுல இருக்குறவரு!" என்றது இன்னொரு குரல். "வெள்ளிக்கெழம போன் போடுவாரு!" "பொண்டாட்டி எடுத்துட்டா!" மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் என் வாக்கியத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு வார்த்தை சிந்தாமல் வைத்திருந்தார்கள். நான் இருக்கும்போது பேசியதை எல்லாரும் கேட்டுத்தான் இருக்கிறார்கள்.

அந்த மனுஷர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கேள்வி. ஆனால் வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று நின்றேன்.

அப்போது முன்வரிசையில் அம்மா எழுந்தாள்.

"‘இன்னிக்கு என்னா கொழம்பு’ன்னு கேப்பாருங்க!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. நடுவர் மைக்கை இழுத்து, "நீங்க யாரும்மா?" என்றார்.

"நான்தாங்க அந்தப் பொண்டாட்டி. அவ எம்பொண்ணு." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்னாத்துக்கு நிக்கிற? எறங்காத. பேசு."

பேசினேன். அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டு, அம்மா நெத்திலி என்று சொல்ல, புளி கரைத்தது முதல் கருவேப்பிலை கிள்ளிப் போட்டது வரை அவர் விசாரித்து முடிப்பதற்குள், அங்கே அவர் தட்டில் இருக்கிற காய்ந்த ரொட்டி எப்படி உள்ளே இறங்கிவிடும் என்று பேசினேன். சிரித்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். நடுவில் எங்கும் நிற்கவில்லை. முடித்து வணக்கம் சொன்னபோது தட்டினார்கள். அந்த முறை நான் அங்கேயே இருந்தேன், ஒவ்வொரு தட்டையும் காதாரக் கேட்டேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் அறிந்ததில்லை.

"சேர்க்கிறது" என்றுதான் தீர்ப்பு. செல்போன் கடைக்காரர்தான் முதலில் எழுந்து தட்டினார். "இந்தப் பொண்ணு இல்லாம இருந்த நேரத்த நான் கணக்குல எடுத்துக்கல, மணியும் அடிக்கல" என்று நடுவர் சொல்லிவிட்டு அம்மாவிடம் வந்தார். "அடுத்த மாசம் ஸ்ரீமுஷ்ணத்துல பேசறோம். அனுப்புவீங்களா?"

"நான் முன்னால உக்காரலாமில்லீங்க?" என்றாள் அம்மா.

பானு ஓடி வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். "தோத்தது நானு, அழுவுறது நீயா?"

கடலூர் பஸ்

பொழுது சாய்கிற நேரத்தில் பஸ் ஏறினோம். அம்மாவுக்கு ஜன்னல் ஓரம், நடுவில் நான், இந்தப் பக்கம் கிள்ளையிலிருந்து வந்த ஒரு மீன்காரம்மா, காலியான அன்னக்கூடையைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டு. நான் அம்மாவிடம் மூச்சு விடாமல் பேசிக்கொண்டு வந்தேன். பானு என்ன சொன்னாள், நடுவர் எப்படிப் பார்த்தார், செயலாளர் முகம் போன போக்கு. புதுச்சத்திரம் தாண்டியது தெரியும்.

திரும்பி வந்தபோது மீன்காரம்மா ஒரு சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றும் நடக்காதவள் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. செயலாளர் முகத்துல விட்ட. மேல சொல்லு."

அம்மா சொல்ல மாட்டாள். மீன்காரம்மாதான் சொன்னார். "பயந்துட்டேன் கண்ணு. இரும்பாச்சேன்னு சாவிய எடுத்து உன் கையில வைக்கப் போனேன். உங்கம்மா தடுத்துட்டாங்க. ‘அத உள்ள வைங்க. எம்பொண்ணுக்கு வலிப்பு. லேசா வரும், இப்ப வந்துருவா. வந்தா பேச ஆரம்பிச்சிருவா, அப்ப நீங்க காதப் பொத்திக்குங்க’ன்னாங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

வாழ்க்கையில் எத்தனையோ நொடிகளை இப்படித் தவறவிட்டிருக்கிறேன். ஒரு யானையைக்கூட விட்டிருக்கிறேன். எதற்கும் இப்போது வருத்தமில்லை, அந்தப் பஸ்ஸில் போன நொடிகளைத் தவிர. அம்மா முதன்முதலாக அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னபோது நான் அங்கே இல்லை.